ஸ்பார்க்ஸ்டேஷன் 5: ஓப்பன்வின் வந்த வேகத்திலேயே திரும்பிப் போகிறது, அணைக்கவும் தெரியவில்லை

அல்சூர்க்காரன்:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் பெங்களூர் எஸ்.பி. ரோட்டின் உள்சந்து ஒன்றில் இருக்கும் காயலான் கடையில் ஒரு சன் ஸ்பார்க்ஸ்டேஷன் 5 கிடைத்தது, சன் கம்பெனியின் பழைய யூனிக்ஸ் கணினி. 1994-இல் வந்த மாடல், பீட்சா டப்பா மாதிரி தட்டையாக இருக்குமே, அதுதான். கடைக்காரர் எடைக்குப் போடத்தான் வைத்திருந்தார். கீபோர்டும் மவுஸும் தனியாக ஒரு சாக்கில் கிடந்தன. கோடு போட்ட அலுமினியத் தகடு ஒன்றும் அதே சாக்கில் இருந்தது, அவர் அதை ஏதோ மூடி என்று நினைத்து ஓரமாக எறியப் போனார். அந்தத் தகட்டின் மேல் வைத்தால்தான் இந்த மவுஸ் நகரும் என்று எங்கேயோ படித்த ஞாபகம் இருந்ததால் தப்பித்தேன்.

மானிட்டர் கதை தனி. பின்னால் இருப்பது 13டபிள்யூ3 சாக்கெட், அதற்கு அடாப்டர் தேட இரண்டு சனிக்கிழமை போனது. டிஸ்கில் ஏற்கெனவே சொலாரிஸ் 2.5.1 (சன்னின் இயங்குதளம்) இருந்தது. ரூட் பாஸ்வேர்டு தெரியாது, சிடியிலிருந்து சிங்கிள் யூசரில் பூட் செய்து, பாஸ்வேர்டு வைக்கும் ஷேடோ கோப்பில் அந்தப் பகுதியை அழித்து உள்ளே போனேன். இதுவரை எல்லாம் சுகம்.

இனிமேல்தான் தலைவலி. லாகின் செய்ததும் கறுப்பு எழுத்து கன்சோல்தான் வருகிறது. அதில் ஓப்பன்வின் என்று (ஜன்னல்கள் உள்ள திரையைக் கிளப்பும் கட்டளை) தட்டினால் முதல் நாள் அழகாக ஓப்பன் லுக் திரை, அதாவது சன்னின் ஜன்னல் சூழல், வந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். வீட்டு லினக்ஸ் கணினியில் பழகிய கை, ஹோம் டைரக்டரியில் சொந்தமாக ஒரு .எக்ஸ்இனிட்ஆர்சி (திரை தொடங்கும்போது ஓடும் ஸ்கிரிப்ட்) எழுதினேன். பின்னணி நிறம், ஒரு கடிகாரம், ஒரு எக்ஸ்டெர்ம் (கட்டளை தட்டும் ஜன்னல்), கடைசியில் ஓஎல்டபிள்யூஎம் (ஜன்னல்களுக்குச் சட்டமும் தலைப்புப் பட்டையும் போடும் விண்டோ மேனேஜர்), அவ்வளவுதான், நாலு வரி. எதுவும் மாட்டிக்கொள்ளக் கூடாதே, எல்லாம் பின்னணியில் ஓடட்டும் என்று ஒவ்வொரு வரிக்கும் கடைசியில் & போட்டேன். இப்போது ஓப்பன்வின் தட்டினால் திரை சாம்பல் நிறமாகிறது, கடிகாரம் ஒரு கணம் எட்டிப் பார்க்கிறது, உடனே பழையபடி கன்சோல்.

இன்னொன்று. முதல் நாள் அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது வெளியே வரத் தெரியாமல், மடிக்கணினியிலிருந்து டெல்நெட்டில் (நெட்வொர்க் வழியாக) நுழைந்து, திரையை வரையும் எக்ஸ் சர்வரை கில் -9 போட்டு வலுக்கட்டாயமாகக் கொன்றேன். அதற்கப்புறம் கன்சோலில் எதைத் தட்டினாலும் குப்பை எழுத்தாக வந்தது. வேறு வழியில்லாமல் சுவிட்சை அணைத்தேன். அடுத்த முறை போட்டபோது டிஸ்கைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே ஓடி, கையால் ஓட்டு என்று சொல்லி நின்றது. அதற்குப் பிறகு மூன்று தடவை இப்படியே. பாவம், 30 வயது டிஸ்க், எத்தனை நாள் தாங்கும் என்று தெரியவில்லை. முறையாகத் தொடங்குவது எப்படி, முறையாக மூடுவது எப்படி, யாராவது சொல்லுங்கள்.

செமிகோலன்:

கடைசி வரியில் இருக்கும் & குறியை எடுத்துவிடுங்கள். மற்றது அப்படியே இருக்கட்டும்.

ஓப்பன்வின் உள்ளுக்குள் எக்ஸ்இனிட்டைத்தான் கூப்பிடுகிறது. எக்ஸ்இனிட் சர்வரைக் கிளப்பி, உங்கள் .எக்ஸ்இனிட்ஆர்சியை ஓட்டி, அந்த ஸ்கிரிப்ட் முடிந்ததும் சர்வரை அணைத்துவிடும். நீங்கள் எல்லாவற்றையும் பின்னணிக்குத் தள்ளிவிட்டதால் ஸ்கிரிப்டுக்குக் காத்திருக்க ஒன்றுமே இல்லை. நாலு வரியையும் அரை நொடியில் ஓடி முடித்துவிட்டது, வேலை முடிந்தது என்று எக்ஸ்இனிட்டும் கடையைச் சாத்திவிட்டது.

பழைய_எலி:

செமிகோலன் சொன்னது சரிதான். ஆனால் அல்சூர்க்காரருக்குக் காரணம் புரிந்தால் அடுத்த முறை அவரே கண்டுபிடிப்பார், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஓய்வு பெற்றவன், நேரம் இருக்கிறது.

கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சமையல்காரர், நாதஸ்வரம், போட்டோக்காரர் என்று பத்துப் பேர் இருப்பார்கள். ஆனால் சாவி ஒருவர் கையில்தான். அவர் கிளம்பினால் மண்டபம் பூட்டப்படும், பந்தி நடந்துகொண்டிருந்தாலும் சரி. எக்ஸ் செஷனிலும் அப்படித்தான், .எக்ஸ்இனிட்ஆர்சியில் & இல்லாமல் கடைசியில் நிற்கும் நிரலிடம்தான் சாவி. யாரிடம் கொடுப்பது என்பது உங்கள் இஷ்டம். விண்டோ மேனேஜரிடம்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது.

சன்காரர்கள் கொடுத்த மூல ஸ்கிரிப்டைப் பாருங்கள். ஓப்பன்வின்ஹோம் டைரக்டரிக்குக் கீழே லிப் உள்ளே எக்ஸ்இனிட்ஆர்சி என்று இருக்கும், முதல் எழுத்து பெரியது, முன்னால் புள்ளி கிடையாது. அதில் ஓஎல்டபிள்யூஎம்-ஐ -3 போட்டு (முப்பரிமாணத் தோற்றத்துக்காக) பின்னணியில்தான் கிளப்புவார்கள். ஆனால் அதன் பிராசஸ் எண்ணை ஒரு மாறியில் பிடித்து வைத்துக்கொண்டு, மற்ற வேலைகளையெல்லாம் முடித்துவிட்டு, கடைசி வரியில் அந்த எண்ணுக்கு வெயிட் போட்டிருப்பார்கள், அது முடியும் வரை காத்திரு என்று. சாவி ஓஎல்டபிள்யூஎம்மிடம்தான், ஆனால் வாசலில் ஸ்கிரிப்டும் உட்கார்ந்திருக்கிறது. இதில் ஒரு வசதி உண்டு, வெயிட்டுக்குக் கீழே நீங்கள் இன்னும் இரண்டு வரி எழுதிக்கொள்ளலாம், விண்டோ மேனேஜர் போன பிறகு அவை ஓடும். எக்ஸெக் போட்டு எழுதினால் அந்த வசதி இல்லை, ஸ்கிரிப்டின் இடத்திலேயே அந்த நிரல் உட்கார்ந்துவிடும், பின்னால் எழுதியது எதுவும் ஓடாது. உங்கள் நாலு வரியைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த மூலக் கோப்பை ஹோமுக்கு நகலெடுத்து, அதில் திருத்துங்கள்.

நான் செய்யும் வழி வேறு. விண்டோ மேனேஜரைப் பின்னணியில் விட்டு, கடைசி வரியில் ஒரு எக்ஸ்டெர்மை எக்ஸெக் போடுவேன். சாவி எக்ஸ்டெர்மிடம். அதில் எக்ஸிட் தட்டினால்தான் செஷன் முடியும். இப்படி வைத்தால் ஓஎல்டபிள்யூஎம்-ஐக் கொன்றுவிட்டு டிடபிள்யூஎம் என்ற வேறு விண்டோ மேனேஜரைக் கிளப்பலாம், திரும்ப மாற்றலாம், திறந்து வைத்த எதுவும் மூடாது. விண்டோ மேனேஜர் செத்தால் தலைப்புப் பட்டை காணாமல் போகும், ஜன்னல்கள் இருந்த இடத்திலேயே நிற்கும். அது ஏன் என்று இங்கே நிறையப் பேருக்குத் தெரியாது. விண்டோ மேனேஜர் ஒவ்வொரு ஜன்னலையும் எடுத்துத் தன் சட்டத்துக்குள் வைக்கும்போது அதை 'சேவ்-செட்' என்ற பட்டியலிலும் சேர்த்துவிடும். அது திடீரென்று செத்தால் எக்ஸ் சர்வரே அந்தப் பட்டியலில் இருப்பதையெல்லாம் வெளியே எடுத்து ரூட் ஜன்னலில் (திரையின் பின்னணியில்) வைத்துவிடும், ஐகானாகச் சுருக்கி வைத்தது கூட விரிந்து வந்துவிடும். எண்பதுகளில் யோசித்தவர்கள் ஒழுங்காகத்தான் யோசித்திருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று, பழையது போகாமல் புதியதைக் கிளப்பினால் வேறு ஒன்று ஏற்கெனவே ஓடுகிறது என்று திட்டிவிட்டு வெளியேறும். ரூட் ஜன்னலில் ஜன்னல்களை நிர்வகிக்கும் உரிமையை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் சர்வர் கொடுக்கும்.

இந்த எக்ஸ்டெர்ம் பழக்கம் எனக்குச் சூடு பட்டு வந்தது. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-இல் பெங்களூருக்கு வந்த பிறகு இந்த ஊரில் சிப் வடிவமைப்பு மெல்ல மெல்ல வளர்ந்தது, தொண்ணூறுகளில் நானும் ஒரு சின்ன டிசைன் கம்பெனியில் இருந்தேன், வரிசையாக ஸ்பார்க் பெட்டிகள். எனக்கு டிடபிள்யூஎம்தான் பிடிக்கும். அதன் மெனுவை நினைவிருப்பவர்களுக்குத் தெரியும், கில், டிலீட், அதற்கப்புறம் ரீஸ்டார்ட், அதற்கு நேர் கீழே எக்ஸிட். இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருந்த ஒரு சிமுலேஷன், இன்னும் நாலு மணி நேரத்தில் முடியும். ஏதோ அமைப்பை மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் கொடுக்கப் போனேன், மவுஸ் அரை அங்குலம் வழுக்கியது. கேள்வியே கேட்காது, நேராகப் போய்விடும். சாவி அதனிடம் இருந்ததால் சர்வர் போனது, எக்ஸ்டெர்ம் போனது, எக்ஸ்டெர்முக்குள் நோஹப் (ஜன்னல் மூடினாலும் நிரலை ஓட விடும் கட்டளை) போடாமல் ஓட்டிய சிமுலேஷனும் போனது. மேலாளர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

கீபோர்டு_கவிதா:

எலி சார், அந்த எக்ஸிட் வரியை மெனுவிலிருந்தே எடுத்துவிட்டு வேறு மெனுவில் தனியாக வைத்தவள் நான் :) ஓஎல்டபிள்யூஎம் இந்த விஷயத்தில் பரவாயில்லை, நிச்சயமாகப் போகிறீர்களா என்று கேட்கும்.

அல்சூர்க்காரரே, வெளியே வர இவ்வளவு சண்டை தேவையில்லை. காலி இடத்தில் மவுஸின் வலது பட்டனை அழுத்தினால் வொர்க்ஸ்பேஸ் மெனு வரும், அதில் கடைசியில் எக்ஸிட். அதே மெனுவில் யூட்டிலிட்டீஸ் உள்ளே சேவ் வொர்க்ஸ்பேஸ் இருக்கும், எந்தெந்த நிரல் எங்கெங்கே திறந்திருக்கிறது என்பதை .ஓப்பன்வின்-இனிட் கோப்பில் எழுதி வைக்கும், அடுத்த முறை அதே மாதிரி வரும். சொந்த .எக்ஸ்இனிட்ஆர்சி எழுதவே தேவைப்படாமல் போகலாம். ஒரு எச்சரிக்கை. எக்ஸிட் கொடுக்குமுன் டெக்ஸ்ட்எடிட்டில் ஏதாவது சேமிக்காமல் இருந்தால் சேமித்துவிடுங்கள். சர்வர் போகும்போது நிரல்களுக்கு இணைப்பு அறுந்துபோகும், அவ்வளவுதான், ஒவ்வொன்றிடமும் போய் "சேமித்துக்கொள்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

குப்பை எழுத்து வந்தது ஏன் என்றால், எக்ஸ் சர்வர் ஓடும்போது சன் கீபோர்டு தனி முறைக்கு மாறிவிடும், விசை எண்களை அப்படியே அனுப்பும். சர்வர் ஒழுங்காக மூடினால் போகும்போது அதைப் பழைய முறைக்குத் திருப்பிவிடும். கில் -9 கொடுத்தால் திருப்ப நேரமே கிடைக்காது. அடுத்த முறை அப்படி ஆனால் சுவிட்சுக்குக் கை போகக் கூடாது. டெல்நெட்டில்தானே இருக்கிறீர்கள், அங்கிருந்தே கேபிடி_மோட் -ஏ ஓட்டுங்கள், ஓப்பன்வின் பின் டைரக்டரியில் இருக்கும், கீபோர்டு சரியாகிவிடும். அதைவிட, -9 இல்லாமல் வெறும் கில் கொடுத்திருந்தால் பெரும்பாலும் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. எடுத்த எடுப்பில் -9 போடும் பழக்கத்தை எல்லோருமே விட வேண்டும், எங்கள் ஆபீஸ் புதுப் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ராஜாஜிநகர்_ரெட்ரோ:

இவ்வளவு எதற்கு? கீபோர்டின் இடது ஓரத்தில் ஸ்டாப் விசை இருக்கிறதே, ஸ்டாப்பையும் ஏ-யையும் சேர்த்து அழுத்துங்கள், எதில் இருந்தாலும் ஓகே பிராம்ப்டுக்கு (சொலாரிஸுக்கு அடியில் இருக்கும் பூட் நிரலின் கட்டளைத் திரை) வந்துவிடும், அப்புறம் சுவிட்ச். நான் இப்படித்தான் செய்கிறேன்.

கீபோர்டு_கவிதா:

ரெட்ரோ தம்பி, அது அணைப்பது இல்லை, ஓடுகிற ஆளைப் பிடித்து நிறுத்தி வைப்பது. ஸ்டாப்-ஏ அழுத்தியதும் சொலாரிஸ் அந்த நொடியில் உறைந்து நிற்கும், நினைவகத்தில் இருக்கிற, டிஸ்கில் இன்னும் எழுதாத விஷயங்கள் அங்கேயே நிற்கும். அதே நிலையில் சுவிட்சை அணைத்தால் சும்மா கரன்ட் போனதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. அல்சூர்க்காரருக்கு எஃப்எஸ்சிகே வந்தது போல உங்களுக்கும் வந்திருக்கும், நீங்கள் திரையைப் பார்க்காமல் காபி போடப் போயிருப்பீர்கள். தெரியாமல் அழுத்திவிட்டால் ஓகே பிராம்ப்டில் கோ என்று தட்டுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும். திரையில் வெள்ளைத் திட்டு அப்படியே இருக்கும், ரிஃப்ரெஷ் கொடுத்தால் போய்விடும். எல்லாம் முற்றிலும் உறைந்து போய், வெளியிலிருந்து டெல்நெட்டும் வேலை செய்யவில்லை என்றால்தான் ஸ்டாப்-ஏ, அப்போதும் ஓகே பிராம்ப்டில் சிங்க் தட்டுங்கள், டிஸ்கில் எழுத வேண்டியதை எழுத முயன்றுவிட்டு மறுபடி பூட் ஆகும்.

சாதாரண நாளில் வரிசை இதுதான்: ஓப்பன் லுக்கிலிருந்து எக்ஸிட், கன்சோலில் ரூட்டாக இனிட் 0, அது ஒவ்வொன்றாக நிறுத்தி, டிஸ்கை ஒழுங்காகக் கழற்றி, ஓகே பிராம்ப்டுக்கு வரும் வரை பொறுமையாக இருங்கள். அதற்கப்புறம் சுவிட்ச். பழைய சன்ஓஎஸ் 4 வைத்திருப்பவர்களுக்கு ஷட்டவுன் -எச் நவ்.

இன்னொன்று, பெட்டி ஓடும்போது கீபோர்டு வயரைப் பிடுங்காதீர்கள். ஸ்டாப்-ஏ அழுத்தியதற்குச் சமம். எங்கள் லேபில் துடைக்க வரும் அக்கா ஒரு தடவை வயரைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டினார், அரை மணி நேரம் சர்வர் செத்துவிட்டது என்று ஓடினோம்.

டூல்செஸ்ட்:

சன்னை மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், என்னிடம் ஒரு எஸ்ஜிஐ இண்டி (இன்னொரு கம்பெனியின் யூனிக்ஸ் கணினி) இருக்கிறது, நீல நிறம். அதில் இந்த .எக்ஸ்இனிட்ஆர்சி பஞ்சாயத்தே இல்லை. பூட் ஆனதும் நேராக லாகின் திரை, விண்டோ மேனேஜர் 4டிடபிள்யூஎம், மோடிஃப் விண்டோ மேனேஜரிலிருந்து வந்தது. மேல் இடது மூலையில் டூல்செஸ்ட் என்ற மெனு, அதில் டெஸ்க்டாப் உள்ளே லாக்அவுட், சிஸ்டம் உள்ளே ஷட்டவுன். கிராஃபிக்ஸை மட்டும் நிறுத்த வேண்டுமானால் ரூட்டாக ஸ்டாப்ஜிஎஃப்எக்ஸ், திரும்பக் கிளப்ப ஸ்டார்ட்ஜிஎஃப்எக்ஸ்.

அல்சூர்க்காரர் பின்னால் சிடிஇ (இன்னொரு டெஸ்க்டாப் சூழல்) போட ஆசைப்பட்டால் (ஆசைப்படுவார், எல்லோரும் படுவார்கள்) அங்கே கதை மாறும். அதன் லாகின் நிரலான டிடிலாகின்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், லாகின் திரையில் ஆப்ஷன்ஸ் உள்ளே கமாண்ட் லைன் லாகினும் ஃபெயில்சேஃப் செஷனும் இருக்கும். ஃபெயில்சேஃப் என்றால் ஒரே ஒரு டெர்மினல் ஜன்னல், விண்டோ மேனேஜரே கிடையாது, மவுஸ் அம்பு அந்த ஜன்னலுக்குள் இருந்தால்தான் எழுத்து விழும். முதல் தடவை நான் கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைத்துக் கழற்றப் போனேன். பெட்டியின் பெயர் ஹோஸ்ட்ஸ் கோப்பில் சரியாக இல்லையென்றால் டிடி மெசேஜிங் சிஸ்டம் கிளம்பவில்லை என்று திரையில் ஒரு செய்திப் பெட்டி வந்து உள்ளேயே விடாது, ஃபெயில்சேஃபில் போய் அதைத் திருத்த வேண்டும். இது தெரியாமல் முழு சொலாரிஸையும் மறுபடி நிறுவியவர்களை எனக்குத் தெரியும். சரி, அதில் ஒருவன் நான்தான்.

அல்சூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்தேன்.

முதலில் செமிகோலன் சொன்னபடி கடைசி & குறியை மட்டும் எடுத்தேன், திரை வந்து நின்றது. ஒரு எழுத்துக்கா இரண்டு வாரம் என்று சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. அப்புறம் எலி சார் வழியில் சாவியை எக்ஸ்டெர்மிடம் மாற்றிக் கொடுத்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓஎல்டபிள்யூஎம்-ஐக் கொன்று பார்த்தேன். தலைப்புப் பட்டைகள் மறைந்தன, சுருக்கி வைத்திருந்த கடிகாரம் தானாக விரிந்து வந்தது, எக்ஸ்டெர்ம் அப்படியே. மகள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு "எல்லாத்துக்கும் தொப்பி கழண்டுடுச்சு" என்றாள். எக்ஸ்டெர்மிலேயே ஓஎல்டபிள்யூஎம் & தட்டினேன், தொப்பிகள் திரும்பி வந்தன.

ஆர்வக்கோளாறில் எக்ஸ் சர்வரை வேண்டுமென்றே கில் -9 செய்து, குப்பை எழுத்து வரவைத்து, கேபிடி_மோட் -ஏ ஓட்டியும் பார்த்தேன். கவிதா மேடம், நீங்கள் சொன்னது சொன்னபடி. பிறகு இனிட் 0, ஓகே பிராம்ப்ட், சுவிட்ச். காலையில் போட்டேன், எஃப்எஸ்சிகே வாயே திறக்கவில்லை.

ஒரே ஒரு குறை மிச்சம். ஒவ்வொரு தடவை போடும்போதும் ஐடிப்ராம் சரியில்லை என்று ஒரு வரி வருகிறது, தேதியும் எங்கேயோ போய் நிற்கிறது. இதற்கும் நான் செய்த கூத்துக்கும் சம்பந்தம் உண்டா?

பழைய_எலி:

சம்பந்தம் இல்லை. அது அமைப்புகளை நினைவில் வைக்கும் என்வி-ராம் சிப்பின் உள்ளே இருக்கும் பேட்டரி செத்துப்போனது, இந்த வயதில் எல்லா சன் பெட்டிக்கும் வரும் வியாதி. ஈதர்நெட் முகவரியும் ஹோஸ்ட் ஐடியும் அதில்தான் இருக்கின்றன. ஓகே பிராம்ப்டில் கையால் திரும்ப எழுதலாம், ஆனால் சுவிட்சை அணைத்தால் மறுபடி மறந்துவிடும். சிப்பின் தலையைக் கொஞ்சம் அறுத்து வெளியே ஒரு நாணய பேட்டரியை வைத்து ஒட்டுவார்கள். பயப்பட வேண்டாம், சிப் சாக்கெட்டில்தான் உட்கார்ந்திருக்கும், கையோடு கழன்று வரும். அல்சூர் ஏரிப் பக்கம் தமிழ்ச் சங்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வருவேன், அந்தச் சிப்பை மட்டும் ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வாருங்கள், எந்தத் திசையில் உட்கார்ந்திருந்தது என்று போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு கழற்றுங்கள். ரம்பம் நான் கொண்டு வருகிறேன்.

ராஜாஜிநகர்_ரெட்ரோ:

எலி சார், நானும் வரலாமா? இனிட் 0 போட்டுப் பார்த்தேன், எனக்கும் எஃப்எஸ்சிகே வருவது நின்றுவிட்டது. கவிதா அக்கா, காபி விஷயம் எப்படித் தெரிந்தது?